உயர்நிலைப் பள்ளியில் தொடக்க நிலை ஓவிய வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கும் ஆசிரியர்களும், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்களும், சில தலைமையாசிரியர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்து, என் அனுபவத்தில் பயன்பட்ட விடைகளை எழுதியிருக்கிறேன்.

நான் ஒன்னும் பெரிய ஓவியர் கிடையாது சார், சுமாராத்தான் வரைவேன். நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாமா?

தாராளமாகக் கற்பிக்கலாம். தொடக்க நிலையில் ஆசிரியரின் கைத்திறனைவிட, அவர் எதைப் பார்க்கச் சொல்கிறார், எந்த வரிசையில் பார்க்கச் சொல்கிறார் என்பதே பிள்ளைகளுக்கு உதவுகிறது. குடத்தின் வாய் வட்டம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால், மேசைமேல் இருக்கும் குடத்தைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் கண்ணில் படுவது வட்டமன்று, ஒடுங்கிய நீள்வட்டம். தனக்குத் தெரிந்ததை வரையும் பிள்ளையைத் தன் கண்ணில் படுவதை வரையச் செய்வதே முதலாண்டின் முழு வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்; கீழேயுள்ள விடைகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வகுப்பில் கொடுக்கப்போகும் பயிற்சியை முந்தைய நாள் வீட்டில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். எந்த இடத்தில் கை தடுமாறுகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். பிள்ளைகளும் அதே இடத்தில்தான் தடுமாறுவார்கள்.

முதல் நாள் என்ன வரையச் சொல்றது? மலை, சூரியன், தென்னை மரம்னு ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் குடிசை என்னும் படத்தைப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதை வரையும்போது அவர்கள் எதையும் பார்ப்பதில்லை.

வகுப்பறை வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு செருப்பை மேசைமேல் வைத்து, தாளைப் பார்க்காமல், கண்ணை அதன் விளிம்பின் மீது எறும்பு ஊர்வதுபோல மெதுவாக நகர்த்தி, அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்தச் சொல்லுங்கள். படம் கோணலாகத்தான் வரும், வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். பிறகு தாளைப் பார்த்து வரைய அனுமதித்தால், வார் அடிப்பகுதியில் நுழையும் துளை, குதிகால் பக்கம் தேய்ந்து மெலிந்த ரப்பர், கட்டைவிரல் அழுந்திய குழி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். அன்று வரைந்த தாளில் தேதியிட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பற்றிய கேள்வியில் அது தேவைப்படும்.

பொருளெல்லாம் வாங்க வசதி இல்லாத பிள்ளைங்கதான் எங்ககிட்ட அதிகம். குறைஞ்சபட்சம் என்ன வேணும்?

முதல் பருவத்துக்கு 2பி, அதைவிடக் கருமையாக எழுதும் 6பி என்று இரண்டு பென்சில்களும், நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித் தாளும் போதும். காக்கித் தாளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதன் நிறமே நடுத்தரமான சாயல் என்பதால், அடுப்புக்கரியால் இருளையும் சாக்குக்கட்டியால் ஒளியையும் போட்டுவிட்டால் பொருள் புடைத்து நிற்கும். வேப்பங்குச்சியையோ முருங்கைக் குச்சியையோ மூடியில் சிறு துளையிட்ட தகரடப்பாவில் அடைத்துச் சுட்டால், வரைவதற்கேற்ற கரிக்குச்சி வீட்டிலேயே கிடைக்கும். டப்பா நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும், இந்த வேலையைப் பெரியவர் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

ஸ்கெட்ச் பேனாக்களை முதல் பருவத்தில் தவிர்ப்பது நல்லது. அழுத்தத்துக்கேற்ப அவற்றின் கோடு தடிப்பதோ மெலிவதோ இல்லை. அழிப்பானை வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் பையிலேயே வைக்கச் சொல்லுங்கள். தவறான கோட்டை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால், எவ்வளவு விலகியது என்பதைப் பிள்ளை தானே ஒப்பிட்டுப் பார்க்கும். அழித்துவிட்டால் பெரும்பாலும் அதே இடத்தில் அதே தவறு மீண்டும் வரும்.

வாரத்துக்கு ஒரு பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கிறார். இதுல என்னத்த நடத்துறது?

2012-ல் அரசு நடுநிலை வகுப்புகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களாக வந்தவர்கள் முதல் தனியார் பள்ளியில் முழுநேரம் பணியாற்றுபவர்கள் வரை எல்லாரும் சொல்லும் குறை இது. வகுப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஆசிரியரால் ஆகக்கூடிய நல்ல வழி, ஒவ்வொரு வகுப்பையும் அந்த நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரே வேலையாக அமைப்பது. ஐந்து நிமிடம் விளக்கம், இருபத்தைந்து நிமிடம் வரைதல், மீதி நேரம் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பிச் சேர்ந்து பார்த்தல். இந்தக் கடைசிப் பகுதியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நாற்பது பேர் ஒரே குடத்தை நாற்பது விதமாக வரைந்திருப்பதைக் காணும்போது கற்பது ஆசிரியரின் விளக்கத்தில் கற்பதைவிட மிகுதி.

போன்ல படத்தைப் பார்த்து வரைஞ்சா என்ன சார் தப்பு? அழகா வருதே!

தப்பு என்று சொல்லமாட்டேன்; முதலாண்டுக்கு அது உதவாது என்பேன். கன அளவுள்ள பொருளைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் வரைதலில் கடினமான பகுதி. நிழற்படத்தில் அந்த வேலையைக் கேமரா முன்பே முடித்துவிடுகிறது. பிள்ளை செய்வது தட்டையான ஒன்றிலிருந்து இன்னொரு தட்டைக்குப் பெயர்ப்பது மட்டும். நிழலுக்குள் கண்ணுக்குத் தெரியும் நுட்பமான சாயல்கள் பல படங்களில் வெறும் கருப்பாக அடைந்துவிடுவதும் உண்டு.

கோயில் சிற்பங்களை அவற்றின் முன்னால் உட்கார்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் கோட்டோவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தக் கோடுகளில் கல்லின் எடை தெரிவதற்கு அவர் நேரில் பார்த்த பொழுதுகளே காரணம் என்பது என் எண்ணம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசி கொண்டுபோக முடியாது. இதை ஒரு பயிற்சியாகவே மாற்றிக்கொள்ளலாம். ஒரு தூணையோ யாளியையோ ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, வெளியே சித்திரை வீதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எதைப் பார்க்கத் தவறினோம் என்பது தாளில் வெற்றிடமாகத் தெரியும். அடுத்த முறை கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும்.

பசங்க ஜல்லிக்கட்டுக் காளை, நடிகர் முகம் ரெண்டைத் தவிர வேற எதுவும் வரைய மாட்டேங்கிறாங்க. என்ன செய்ய?

காளையை விலக்காதீர்கள், காளையின் அருகில் போகச் சொல்லுங்கள். அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டிலோ பக்கத்துத் தெருவிலோ காளை நிற்கிறது. பாய்ந்து வரும் காளையைப் படத்தைப் பார்த்து வரையும் பையன், கட்டுத்தறியில் அசைபோட்டு நிற்கும் காளையைப் பார்த்து வரையும்போது திணறுவான். பின்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைக்கும் மூட்டு பின்பக்கமாக மடிவதையும், உண்மையில் அது குதிகால் என்பதையும், திமில் முதுகின் நடுவில் இல்லாமல் தோளுக்கு மேல் இருப்பதையும், அலைதாடி தாடைக்கடியில் தொடங்கி முன்னங்கால்களுக்கு இடையே வரை தொங்குவதையும் அப்போதுதான் கவனிப்பான். அதன்பின் அவன் வரையும் பாய்ச்சலில் காலும் உடம்பும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

நடிகர் முகத்துக்கும் இதே வழிதான். முதலில் பக்கத்து இருக்கை நண்பனின் முகம். கண்களை நெற்றியின் இடத்தில் ஏற்றி வைப்பது பிள்ளைகள் எல்லாரும் செய்யும் தவறு. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண் இருக்கிறது என்பதைப் பென்சிலால் அளந்து பார்க்கச் செய்தால் அன்றே திருந்திவிடும்.

ஷேடிங்னா பென்சில்ல தீட்டி விரல்ல தேய்க்கிறதுதானே?

தேய்ப்பது மேற்பரப்பை வழவழப்பாக்குமே தவிர வடிவத்தைத் தராது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் தேய்த்தால் பொருள் அழுக்குப் பட்டதுபோல இருக்கும்.

வகுப்பறையில் முதல் தடை கூரையிலுள்ள டியூப்லைட்டுகள். நாலாப்பக்க வெளிச்சம் நிழலை அழித்துவிடும். விளக்குகளை அணைத்து, ஒரு சன்னலைத் தவிர மற்றவற்றைச் சாத்தி, சுண்ணாம்பு பூசிய கலயம் ஒன்றை அந்தச் சன்னலோரம் வையுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் ஐந்து பகுதிகள் பிரிந்து தெரியும்: வெளிச்சம் நேராக விழும் இடம், மங்கத் தொடங்கும் நடுச்சாயல், கலயத்தின் மீதே படியும் இருள், அந்த இருளின் விளிம்பில் மேசையிலிருந்து எதிரொளிக்கும் மெல்லிய வெளிச்சம், மேசைமேல் விழும் நிழல். நான்காவதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். கலயத்தின் இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டிக் காட்டி, பிறகு எடுத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் கூடிக் குறைவதைக் கண்டபின் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இதற்கு முன்பாக, வெண்மையிலிருந்து கருமை வரை ஐந்து கட்டங்களைப் பென்சிலால் நிரப்பும் பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றாம் கட்டத்தோடு நின்றுவிடுவார்கள், கருமையைத் தொட அஞ்சுவார்கள். கையில் 6பி பென்சில் இருப்பது அதற்காகத்தான்.

குடத்தோட அடி தட்டையாத்தானே இருக்கு, ஏன் வளைச்சுப் போடச் சொல்றீங்க?

முதல் விடையில் சொன்ன வாய்வட்டத்தின் தொடர்ச்சி இது. கண்மட்டத்துக்கு நேராக இருக்கும் வட்டம் ஒரு கோடாகத் தெரியும்; கண்மட்டத்துக்குக் கீழே போகப்போக அகன்று தெரியும். குடத்தின் வாயைவிட அடி இன்னும் கீழே இருப்பதால், அதன் முன்விளிம்பு வாயின் வளைவைவிட அதிகமாக வளைந்தே தெரியும். ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லக் கீழே இறக்கச் சொல்லுங்கள், பத்து வினாடியில் புரிந்துவிடும். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக முடிந்தால், அங்குள்ள கருப்பு சிவப்புப் பானைகளின் விளிம்புகளை வரையச் செய்வது இந்தப் பாடத்துக்கு மிக நல்ல வீட்டுவேலை.

பெர்ஸ்பெக்டிவ் பாடத்தைப் போர்டுல கோடு போட்டு நடத்தினா யாருக்கும் ஏற மாட்டேங்குது.

தொலைவில் போகப்போகப் பொருள்கள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் காட்டும் முறைதான் பெர்ஸ்பெக்டிவ். கரும்பலகையில் தொடங்கினால் அது வடிவியல் பாடமாகிவிடுகிறது. பள்ளியின் நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் பிள்ளைகளை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அளவுகோலை முன்னால் நீட்டி, கூரை விளிம்பின் சாய்வோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண்மட்டத்துக்கு மேலுள்ள விளிம்புகள் தொலைவில் போகப்போக இறங்குவதையும், தரையின் விளிம்புகள் ஏறுவதையும், இரண்டும் கண்மட்டத்தில் ஒரே புள்ளியை நோக்கிப் போவதையும் அவர்களே சொல்வார்கள். அதே இடத்தில் தரையில் உட்காரச் சொன்னால் புள்ளியும் கூடவே இறங்கும். இதைக் கண்டபின் கரும்பலகைக்குப் போனால் பாடம் விரைவாக முடியும்.

அடுத்த படியாகத் திருமலை நாயக்கர் மகாலைப் பரிந்துரைப்பேன். 1636-ல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான் என்றாலும், அந்தப் பருத்த தூண்களின் வரிசை தொலைவில் நெருங்கிச் சிறுத்துப் போவதைக் காண மதுரையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வளைவுகளையும் சுதைவேலைகளையும் முதல்முறையே தொடவிடாதீர்கள். தூண்களின் அடி, தலை, இடைவெளி ஆகியவை போதும்.

அப்போ பழைய கோயில் ஓவியத்துல பெர்ஸ்பெக்டிவ் இல்லையே, அது தப்பா வரைஞ்சதா?

இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்டால் மகிழுங்கள், அவர்கள் ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் இராமாயண ஓவியங்கள் போன்ற நாயக்கர் காலச் சுவரோவியங்களில் கதை பட்டை பட்டையாக நகர்கிறது, ஒரே பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. ஒரே இடத்தில் நின்று ஒரே கணத்தைப் பார்ப்பவரின் காட்சியை அவர்கள் வரையவில்லை. நடந்துகொண்டே கதை கேட்பவருக்காக வரைந்தார்கள். அந்த நோக்கத்துக்கு அவர்கள் கையாண்ட முறைதான் பொருத்தமானது. இரண்டு முறைகளிலும் ஒரே நிகழ்ச்சியை வரையச் சொல்லுங்கள்: அழகர் வைகையில் இறங்குவதை ஒரு தாளில் ஒற்றைக் காட்சியாகவும், இன்னொரு தாளில் மலையிலிருந்து புறப்பட்டு ஆற்றில் இறங்குவது வரை பட்டைகளாகவும்.

கலை வரலாற்றைத் தனிப் பாடமாக நடத்தத் தொடக்க நிலையில் நேரம் இருக்காது. இப்படி ஒரு கேள்வி எழும்போது அதற்குரிய இடத்தைக் காட்டினால் போதும். கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்னும் குகையிலுள்ள தீர்த்தங்கரரின் புடைப்புச் சிற்பம், எவ்வளவு குறைந்த ஆழத்தில் முழு உருவத்தைக் காட்டலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கலர் எப்பதான் குடுப்பீங்க? பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

ஐந்து கட்டச் சாயலை நம்பிக்கையோடு போடத் தெரிந்த பிறகு. அப்போதும் பன்னிரண்டு நிறப் பெட்டி வேண்டாம். போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு புட்டிகளை வகுப்புக்குப் பொதுவாக வாங்குங்கள், கருப்பு வேண்டாம். சிவப்பு வாங்கும்போது கிரிம்சன் என்று கேட்டு வாங்குவது முக்கியம். வெர்மிலியன் சிவப்பில் மஞ்சள் சாயல் கலந்திருப்பதால், அதை நீலத்தோடு சேர்த்தால் ஊதா வராமல் பழுப்புதான் வரும்; பிள்ளை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் பயிற்சியாக ஒரு வேப்பிலைக் கொத்தைக் கொடுத்து, அதிலுள்ள நிறங்களை மட்டும் கலந்து பொட்டுகளாக வைக்கச் சொல்லுங்கள். கொழுந்தின் செம்பு நிறம், இளம் இலையின் மஞ்சட்பச்சை, முற்றிய இலையின் நீலம் கலந்த பச்சை, இலையின் வெளிறிய அடிப்பக்கம் என்று ஒரே கொத்தில் எத்தனையோ இருக்கும். சில நிறங்களைக் கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்குச் சித்தன்னவாசல் குகைக்கோயில் ஓவியங்களைக் காட்டலாம். காவி, மஞ்சள், பச்சை, கருப்பு, வெள்ளை என்று எண்ணக்கூடிய வண்ணங்களிலேயே தாமரைக் குளமும் யானையும் மீனும் பூப்பறிப்பவர்களும் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். அந்தக் குகைக்கோயிலைப் புதுக்கியதாகக் கல்வெட்டு கூறும் இளங்கௌதமன் மதுரை ஆசிரியன் என்பதைச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எங்க வகுப்புப் பொண்ணுங்க கோலம் பிரமாதமாப் போடுறாங்க, ஆனா வரையச் சொன்னா வராதுங்கிறாங்க.

புள்ளிகளுக்கிடையே கண்ணாலேயே சம தூரம் அளக்கத் தெரிந்த கை அது. சிக்குக் கோலத்தில் கையை எடுக்காமல் கோட்டைச் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய இடத்தில் சேர்க்கும் பிள்ளைக்கு வரைய வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் குடத்தைக் கொடுக்கும் முன் வடிவமைப்பைக் கொடுங்கள்: சுங்குடிச் சேலையின் முடிச்சுப் புள்ளிகளைப் பார்த்து ஒரு முந்தானைக்கான திட்டம், பிறகு அதில் வெற்றிடம் எங்கே, நெருக்கம் எங்கே என்ற பேச்சு. உருக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பார்க்கப் பழகிய கண், நாற்காலியின் கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் பார்க்கும். அதை வரைந்தால் நாற்காலி தானே வந்துவிடும்.

மார்க் எப்படிப் போடுறது? நல்லா வரையறவனுக்குத்தானே நூறு?

ஏற்கெனவே வரையத் தெரிந்து வந்த பிள்ளைக்கு நூறு கொடுத்தால், உங்கள் வகுப்பில் நடந்த கற்றலுக்கு மதிப்பெண் இல்லை என்று ஆகிவிடும். முதல் நாள் வாங்கி வைத்த செருப்புப் படத்தைப் பருவ இறுதியில் எடுத்துக் கொடுத்து, அதே பொருளை மீண்டும் வரையச் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பிள்ளை தானே தன் மாற்றத்தைப் பற்றி நான்கைந்து வரிகள் எழுத வேண்டும். நான் பாதி மதிப்பெண்ணை இந்த ஒப்பீட்டுக்கும், மீதியைப் பருவம் முழுவதும் சேர்ந்த பயிற்சித் தாள்களுக்கும் வைக்கச் சொல்வேன். அழிக்காமல் விட்ட தவறான கோடுகளுக்காக ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள்.

கலைத் திருவிழாவுக்கு அனுப்புற படத்துல நாம கொஞ்சம் திருத்திக் குடுத்தா என்ன?

கூடாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா பல பிள்ளைகளுக்கு முதல் மேடை. ஆசிரியரின் கை பட்ட படம் பரிசு பெற்றால், அந்தப் பரிசு தனதில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். அடுத்த படத்தைத் தனியாக வரைய அதற்குத் துணிவு வராது. வகுப்பிலும் இதே விதிதான். திருத்தம் காட்ட வேண்டுமானால் உங்கள் தாளில் வரைந்து காட்டுங்கள், பிள்ளையின் தாளைத் தொடாதீர்கள்.

பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குங்க? இதுல வேலை கிடைக்குமா?

பெற்றோரின் கவலை நியாயமானது. மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். எல்லாரும் ஓவியராகப் போவதில்லை. ஆனால் உயிரியல் படத்தை மனப்பாடமாக வரையாமல் பார்த்து வரைவதற்கும், இயந்திர வரைபடத்தில் ஒரு பொருளின் மூன்று பக்கத் தோற்றங்களைக் கற்பனை செய்வதற்கும் இந்தப் பயிற்சி நேராக உதவும்.

தொடர விரும்பும் பிள்ளைக்கு வழிகள் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்துக்கு லோயர், ஹையர் என இரண்டு நிலைகள் இருக்கின்றன. பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கப்பட்டது. கட்டடக்கலையில் சேர விரும்பினால் நாட்டா என்னும் நுழைவுத் தேர்வில் வரைதல் உண்டு. சேர்க்கையில் வரையும் திறனை நேரில் சோதிக்கும் இடங்களில், நிழற்படத்தைப் பெயர்த்துப் பழகிய கைக்கு நேரமும் நம்பிக்கையும் போதாமல் போகும்.

ஒரு பையன் இலைக்குச் சிவப்பு அடிச்சிட்டு பச்சைன்னு சாதிக்கிறான். வேணும்னே செய்றானா?

அப்படி எண்ணிக் கண்டித்துவிடாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிலை பிறவியிலேயே சிலருக்கு உண்டு. ஆண் பிள்ளைகளிடம்தான் அது மிகுதி. கண் மருத்துவரிடம் எளிய புள்ளிப்படச் சோதனையில் தெரிந்துவிடும். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், வகுப்பில் அறிவிக்க வேண்டாம். வண்ணப் புட்டிகளின்மேல் எல்லாருக்கும் பொதுவாகப் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் அந்தப் பையன் தனித்துத் தெரியமாட்டான். ஒளி நிழலில் இவனுக்குக் குறை ஏதுமில்லை என்பதால், கரியிலும் கருப்பு மையிலும் அவன் முழு உயரத்துக்கு வளரலாம். காந்தியின் உருவத்தைக் கருப்புக் கோடுகளிலேயே வரைந்த ஓவியர் ஆதிமூலத்தின் படங்களை அவனுக்கு அறிமுகப்படுத்துங்கள், ஆறுதலுக்காக அல்ல, அந்தக் கோடுகளின் வலிமைக்காக.

ஒரு பொண்ணு ரொம்ப நல்லா வரையுது. நாம குடுக்குற பயிற்சி எல்லாம் அதுக்குப் போரடிக்குதாம்.

அவளுக்குக் கடினமான பொருளைக் கொடுப்பதைவிட, கருவியைக் குறைத்துக் கொடுங்கள். பென்சிலை வாங்கிவிட்டு, ஒரு தூரிகையும் கருப்பு மையும் மட்டும். அழிக்க வழியில்லாத அந்த ஊடகத்தில் விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒரு வீட்டுத் திண்ணையை, அங்கிருப்பவர்களின் இசைவோடு, ஒரு மாதம் தொடர்ந்து வரையச் சொல்லுங்கள். காயவைத்த பொம்மைகளின் வரிசை, அச்சில் களிமண்ணை அழுத்தும் கைகள், வண்ணம் தீட்டக் குனிந்திருக்கும் முதுகு என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. நகரும் மனிதர்களை அரை நிமிடத்துக்குள் பிடிக்கும் பழக்கமும் அங்கே வந்துவிடும். மாத முடிவில் அந்தத் தாள்களை வகுப்புத் தரையில் பரப்பி, எங்கே திணறினாள் என்பதை அவளையே மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.